லெஃப்ட் சைடு கிளியர்

தரை ஊழியர் வலது பக்கம் நின்று கை காட்டிவிட்டார் என்று கோ-பைலட் பெண் சொன்னபோது, கேப்டன் டைம் சார் இடது ஜன்னலுக்கு வெளியே நின்ற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு விமானத்துக்கு ஒரே ஆள்தான் கை காட்டுவார். ஒரு பக்கம்தான் காட்டுவார். விமானத்தைப் பின்னால் தள்ளிவிட்ட டிராக்டர் விலகியதும், முன்சக்கரத்தில் செருகியிருந்த விரல் நீளக் கம்பியை உருவி, காக்பிட்டோடு பேசுவதற்காக மாட்டியிருந்த ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிக்கொண்டு, மூக்குக்கு அடியிலிருந்து வெளியே வந்து அவர் பைலட் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். கம்பியில் தொங்கும் சிவப்பு ரிப்பனைத் தூக்கிக் காட்டி, பிறகு கட்டைவிரலை உயர்த்த வேண்டும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பைலட் பிரேக்கை எடுக்கலாம். காக்பிட்டிலிருந்து பார்த்தால் மூக்குக்கு அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாது. யானையே படுத்திருந்தாலும் தெரியாது.

"எந்தப் பக்கம்னு சொன்னே?"

"ரைட் சைடு சார். ரிப்பன் காட்டிட்டாரு, தம்ஸ் அப்பும் குடுத்துட்டாரு. டிராக்டர்ல ஏறிப் போயே போயிட்டாரு."

இடது பக்கத்து ஆள் போகவில்லை. காலை ஒன்பது மணிக்கும் விலகாத மூடுபனி. இறக்கையின் நுனிக்கு அப்பால் உலகமே இல்லை. அந்த வெள்ளைக்குள் மஞ்சள் சட்டையும் காது மூடியுமாக நின்று, ரிப்பனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். இன்னொரு கை தொடையோடு ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையில் கட்டைவிரல் உயரவில்லை.

"லெஃப்ட் சைடு கிளியரா சார்?"

டைம் சார் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். பனிதான் இருந்தது. "கிளியர்" என்றார். தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை.

டைம் சார் என்பது பெற்றோர் வைத்த பெயரில்லை. இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் கையால் ஒரு விமானமும் தாமதமாகக் கிளம்பியதில்லை என்று கம்பெனியில் ஒரு பேச்சு. இந்த மனுஷன் பிரசவ வார்டுக்கே ஐந்து நிமிஷம் முன்னதாக வந்து காத்திருந்து பிறந்திருப்பார் என்று பணிப்பெண்கள் கிண்டல் அடிப்பார்கள். அவரும் சிரித்துக்கொள்வார். உள்ளுக்குள் அது ஒரு பெருமை. பாழாய்ப்போன பெருமை!

நான்கு மாதத்துக்கு முன், இதே விமான நிலையத்தில், பனியும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை. பட்டப்பகல். பெட்டி ஏற்றுவதில் இரண்டு நிமிஷம் தாமதமாகிவிட்டது. டிராக்டர் விலகிப் போவது தெரிந்தது. அதுவே போதும் என்று தோன்றியது. பக்கத்தில் இருந்த கோ-பைலட் காகிதத்தில் தலையை விட்டுக்கொண்டே "லெஃப்ட் சைடு?" என்று கேட்டான். இவர் கண் கடிகாரத்தில் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பாமலே "கிளியர்" என்று சொல்லிப் பிரேக்கை எடுத்தார்.

சின்னதாக ஒரு குலுக்கல். கான்கிரீட் இணைப்பில் சக்கரம் ஏறினால் வருமே, அவ்வளவுதான்.

விசாரணையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். "ரிப்பனைக் காட்டினார். கட்டைவிரலையும் காட்டினார். நானும் கையசைத்தேன். அப்புறம் எதுக்கு மறுபடி உள்ளே போனார்னு தெரியல" என்று டைம் சார் சொன்னார். மறுத்துச் சொல்ல ஆளில்லை. டிராக்டர்காரர் முதுகைக் காட்டிக்கொண்டு போயிருந்தார், கோ-பைலட் காகிதத்திலிருந்து தலை தூக்கவில்லை, கேமராவை ஒரு சாப்பாட்டு லாரி மறைத்திருந்தது. சக்கரத்தில் சிக்கிச் செத்தவரின் கவனக்குறைவு என்று எழுதி ஃபைலை மூடினார்கள்.

அன்று வராந்தாவில் ஒரு பெண் அவரை நிறுத்தினாள். செத்தவரின் மனைவி.

"சார், அவரு நெஜமாவே கை காட்டினாரா? வீட்டுல கேஸை மூடினோமான்னு மூணு தடவ எழுந்து போய்ப் பாக்குற மனுசன் சார். கை காட்டிட்டு எதுக்கு மறுபடி உள்ள போகணும்?"

"காட்டினாரும்மா. நான் என் கண்ணால பார்த்தேன்."

அவள் கைகூப்பினாள். பிறகு, "உங்களுக்கும் எவ்ளோ சங்கடம். அவரால தானே? மன்னிச்சிருங்க சார்" என்றாள்.

மன்னிச்சிருங்க சார்! அவள் ஒரு அறை விட்டிருந்தால் அவர் பிழைத்திருப்பார். அன்றிலிருந்து ராத்திரி தூக்கமில்லை. வீட்டில் மனைவி என்ன கேட்டாலும் எரிந்து விழுகிறார்.

விமானம் டாக்ஸி பாதையில் ஊர்ந்தது. பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாகப் பச்சை விளக்குகள் எழுந்து வந்து மூக்குக்கு அடியில் மறைந்தன. ஒவ்வொரு விளக்கின் மேலும் முன்சக்கரம் ஏறி இறங்க, டொக், டொக் என்று பாதத்துக்கு அடியில் தட்டியது. பழகிய சத்தம்தான், ஆனாலும் ஒவ்வொரு தட்டலுக்கும் அவர் கால்விரல்கள் ஷூவுக்குள் சுருண்டன. காக்பிட்டில் எப்போதும் இருக்கும் காப்பி வாசனையோடு வேறொன்றும் சேர்ந்திருந்தது. கிரீஸ். வெயிலில் வேலை செய்த சட்டையின் வியர்வை. ஜன்னல் திறக்காத இடத்தில் அது எங்கிருந்து வரும்?

முதல் திருப்பத்தில் இடது பக்கப் புல்வெளியில் அந்த மஞ்சள் சட்டைக்காரர் நின்றார். ரிப்பன் மேலே. மறு கை கீழே.

இரண்டாவது திருப்பத்திலும் நின்றார். இன்னும் கொஞ்சம் கிட்டத்தில்.

தூக்கமில்லாத கண் அப்படித்தான் காட்டும் என்று டைம் சார் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"சார், உங்களுக்கு வேர்க்குது." கோ-பைலட் பெண் அவரைக் கவனித்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள். "உடம்பு சரியில்லைன்னா திரும்பிரலாம். நான் கன்ட்ரோல் டவர்கிட்ட சொல்றேன். ஒண்ணும் தப்பில்ல சார்."

"ஏற்கெனவே நாலு நிமிஷம் லேட்."

"நாலு நிமிஷம்தானே சார்?"

பின்னால் நூற்றெண்பது பேர் இருந்தார்கள். பிள்ளைகள் இருந்தார்கள். திரும்பிவிடலாம். ஆனால் திரும்பினால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு கேள்வி இன்னொரு கேள்வியைக் கூட்டிவரும். "அதெல்லாம் வேணாம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

ஓடுபாதையின் வாசலில் தரையில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்தன. அவை அணையும்வரை ஒரு அடிகூட நகரக் கூடாது. நிறுத்தினார். பிரேக் போட்டார். என்ஜின் இரைச்சல் அடங்கி ஒரே சீராக முனகியது.

அப்போது ஹெட்செட்டில் கரகரப்பு கேட்டது.

"பிரேக் போட்டாச்சா கேப்டன்?"

தரையிலிருந்து ஒயர் மாட்டிப் பேசுகிற குரல். அந்த ஒயரைப் பிடுங்கி இருபது நிமிஷம் ஆகிறது. டைம் சார் பக்கத்தில் பார்த்தார். கோ-பைலட் பெண் பாட்டில் மூடியைத் திருகி நிதானமாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கவில்லை.

"கேப்டன்?"

பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழக்கம். "போட்டாச்சு" என்று முணுமுணுத்தார்.

"பாத்தீங்களா சார்?"

அதட்டல் இல்லை. கோபம் இல்லை. ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள விரும்புகிற மனுஷனின் மரியாதையான குரல்.

"அன்னிக்கு நான் கை காட்டினத நீங்க பாத்தீங்களா சார்? எனக்கு ஞாபகமே இல்ல. அதான் கேக்குறேன்."

இல்லை. இரண்டு எழுத்தா, மூன்று எழுத்தா, ஒரு சொல்தானே! நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் இங்கேயே விமானத்தைத் திருப்பிவிடலாம். அந்தப் பெண்ணைத் தேடிப் போய், உங்க புருஷன் மேல தப்பே இல்லம்மா, எல்லாம் நான் செஞ்சது என்று அவள் வாசலில் விழுந்துவிடலாம். ராத்திரி தூங்கலாம்.

ஆனால் தலைக்கு மேல் ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. காக்பிட்டில் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் அதில் பதியும். பக்கத்தில் இவள். லைசென்ஸ். ஜெயில். இருபத்திரண்டு வருஷம்.

"பார்த்தேன்" என்றார் டைம் சார்.

"எதை சார்?" என்றாள் கோ-பைலட்.

ஹெட்செட்டில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்பச் சரி சார். கெளம்புங்க."

சிவப்பு விளக்குகள் அணைந்தன. கன்ட்ரோல் அனுமதி கொடுத்தது. கோ-பைலட் வலது பக்கம் பார்த்து, "ரைட் சைடு கிளியர்" என்றாள். காத்திருந்தாள்.

இடது பக்கம் ஆளில்லை. புல்வெளி காலி. அவர் அங்கே இல்லையென்றால் எங்கே இருக்கிறார் என்று டைம் சாருக்குத் தெரிந்தது.

"லெஃப்ட் சைடு சார்?"

"கிளியர்."

பிரேக்கை எடுத்தார்.

சின்னதாக ஒரு குலுக்கல்.

"லைட் மேல ஏறிடுச்சு போல" என்றாள் அவள். சக்கரம் இன்னும் அந்த விளக்கு வரிசையைத் தொடவில்லை. ஒரே சீரான தார்.

ஓடுபாதை. நேராக நின்றது விமானம். அவர் கை என்ஜின் லீவரைத் தள்ளியது. என்ஜின்கள் அலறின. பனி கிழிந்து இரண்டு பக்கமும் பின்னால் ஓடியது. வெள்ளை விளக்குகள் ஓடின. வேகம் எண்பது. நூறு. நூற்றிருபது.

இடது ஜன்னலில் மஞ்சள் சட்டை.

ஓடவில்லை. பறக்கவில்லை. நின்றார். எல்லாம் பின்னால் பாய, கண்ணாடிக்குக் கையெட்டும் தூரத்தில் அவர் மட்டும் அதே இடத்தில் நின்றார். அந்தக் காற்றிலும் ரிப்பன் அசையாமல் நேராகத் தொங்கியது. இடுப்புக்குக் கீழே சக்கரத்தின் தடம்.

"வீ ஒன்" என்றாள் கோ-பைலட். இனி நிறுத்த முடியாது என்ற வேகம். என்ன ஆனாலும் மேலே போயே ஆக வேண்டும். டைம் சாரின் கை லீவரிலிருந்து தானாக விலகியது.

அதற்காகத்தான் காத்திருந்தது போல ஜன்னலுக்கு வெளியே நின்றவர் ரிப்பனைக் கீழே விட்டார். இரண்டு கைகளையும் தூக்கினார். நிதானமாக. வேலை தெரிந்தவர். தலைக்கு மேல் முழங்கைகள் மடங்க, கைகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்தன.

எந்த நாட்டுப் பைலட்டுக்கும் தெரிந்த சைகை.

நிறுத்து.

"சார்," கோ-பைலட் பெண் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள், அவள் குரல் உடைந்திருந்தது, "ரன்வேல... சார், ரன்வே பூரா ஆளுங்க நிக்கிறாங்க சார்."

பனிக்குள் வரிசையாக மஞ்சள் சட்டைகள். எல்லார் இடுப்புக்குக் கீழும் அதே சக்கரத் தடம், எல்லாரும் கைகளைக் குறுக்கே தூக்கியிருந்தார்கள்.