மரபணுவைத் தூங்கவைக்கும் குப்பி

திருடிய மருந்தை ஒருவர் விற்கவும் இல்லை, கொட்டவும் இல்லை என்றால், அது எங்கே இருக்கும் என்று நினைப்பீர்கள்?

காலை 9.40. ஆய்வுக்கூடத்தின் ஸ்டோர்க்காரம்மா ஃப்ரீசர் கதவைத் திறந்ததும் வெண்புகை மேகம்போல் தரைக்கு இறங்கியது. அது கலைந்தபோது பதினேழாம் குழியில் குப்பி இல்லை. புற்றுநோய் மரபணுவை முடுக்கிவிடும் ஒரு புரதத்தைப் பிடித்து அடக்கும் மருந்து. எலிகளுக்கு மட்டுமே கொடுத்துப் பார்த்தது.

'யாராவது குடித்துவிட்டால்?' என்று பயந்தாள் ஸ்டோர்க்காரம்மா. அந்தப் பக்கம் வந்துபோன மூவரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு டீ ஊற்றினாள்.

"கடைசியா தொட்டது யாரு?"

"நான்தான்க்கா, ஒன்பது மணிக்கு," என்றாள் ஆராய்ச்சிக்காரி. "கட்டியா உறைஞ்சிருந்துச்சு, திரும்ப வச்சுட்டேன். மூடியைச் சரியா திருகினேனான்னு ஞாபகமில்ல."

"படிச்ச பொண்ணு!" என்றாள் கண்ணாடி கழுவுகிறவள். "நான் தொட்டியை விட்டு நகரவேயில்ல."

ஆஸ்பத்திரிக்கும் வேலைக்குமாக ஒரு மாதமாய் அலையும் ஃப்ரீசர் மெக்கானிக் ஒரு மடக்குக் குடித்து முகம் சுளித்தார். "மோட்டார் சத்தம் போட்டுச்சு, பார்த்தேன். ஆமா, டீல பூண்டையா தட்டிப் போட்டீங்க?"

"பூண்டா? உங்க நாக்கு எங்கயோ ஊர் சுத்தப் போயிருக்கு!" கழுவுகிறவள் சிரித்தாள்.

ஸ்டோர்க்காரம்மா சிரிக்கவில்லை. மற்ற இருவரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

10.25.

"வீட்ல குடுத்துட்டீங்களாண்ணா?"

"எதைம்மா?"

"ஒரே கெட்டில் டீ. உங்க வாயில மட்டும் பூண்டு. மருந்தைக் கரைச்சிருக்கிற திரவம் தோல்ல பட்டா உள்ள இறங்கிடும், வாயில பூண்டு ருசி வரும். போன வருஷம் பாட்டில் உடைஞ்சு எனக்கே வந்துச்சு. மூடி லூஸு. ஃப்ரீசர்ல கட்டியா இருந்தது உங்க சட்டைப்பைல, உடம்புச் சூட்டுல உருகிடுச்சு. குளிரே தொழிலா இருக்கிற உங்களுக்கு இது தோணலையே!"

மெக்கானிக் பையிலிருந்து பாதி காலியான குப்பியை எடுத்து வைத்தார். வெகுதூரத்திலிருந்து பேசுவதுபோல் அவர் குரல் வந்தது.

"இன்னும் குடுக்கலம்மா. அவளுக்குப் புற்றுநோய் முத்திடுச்சுன்னு டாக்டருங்க கைவிரிச்சுட்டாங்க. இது அந்தக் கெட்ட ஜீனைத் தூங்க வச்சிரும்னு இங்க ஆராய்ச்சிக்காரங்க பேசிக்கிட்டாங்க. அது தூங்கினா அவளும் வலியில்லாம தூங்குவாளேன்னு..."

"எழுந்திருக்காமலே போயிருந்தா?"

அவர் குப்பியை அவள் பக்கம் தள்ளிவைத்தார்.

"முதல்ல சட்டையைக் கழட்டுங்க. நெஞ்சைக் கழுவுங்க. டாக்டரைக் கூப்பிடுறேன்."

மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்நேரம் அவர் மனைவி வீட்டில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.