எல்லாரும் வாசலைப் பார்த்த நேரம்

மூக்குக்கண்ணாடிக் கடை முதலாளி மூச்சிரைக்க ஆமையாரிடம் வந்தார். ஆமையார் என்பது தெரு வைத்த பெயர். எதற்கும் அவசரப்படாத துப்பறிவாளர். உதவிக்கு மைத்துனன் வண்டு. அக்கா வீட்டுக்கு விருந்தாளியாக வந்தவன், வந்து மூன்று வருடமாகிறது.

"ரிப்பேருக்கு வந்த தங்க ஃபிரேமைக் காணோம் சார். வாசல் தகரப் போர்டு டமார்னு சரிஞ்சுது, எல்லாரும் திரும்பினோம். மறுபடி பார்த்தா மேஜை காலி. மேஜையைப் பாத்துக்கிற என் தங்கச்சி மகதான் எடுத்திருக்கா. சாயங்காலத்துக்குள்ள கிடைக்கலைன்னா போலீஸ்தான்."

கடை வாசலில் பாதித் தெரு கூடியிருந்தது. அத்தனை கண்ணும் அந்தப் பெண்ணின் கைப்பையில்.

கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலைக்காரர் தயங்குவதுபோல் சொன்னார்: "போர்டு விழுந்த அதே நொடி, பாப்பா கை மேஜை மேல போச்சு. கண்ணால பார்த்தேன்."

"நான் வாசலைத்தான் பார்த்தேன் மாமா," என்றாள் அவள்.

"பையைத் திறந்துரலாமா அத்தான்?" என்று வண்டு குதித்தான்.

"நாலு தடவை திறந்தாச்சாம். நீ போய்த் தண்ணி கொண்டா."

ஆமையார் போர்டின் காலடியில் குனிந்து எதையோ எடுத்தார். பிறகு, விலைச்சீட்டு தொங்கும் ஃபிரேம்கள் ஒவ்வொன்றின் வழியாகவும் சுவர் எழுத்துகளைப் பார்த்தார். கல்யாணத்துக்குப் புடவை எடுப்பவர்கூட இவ்வளவு நேரம் எடுக்கமாட்டார்.

வாசலில் வண்டு செம்பைக் கீழே போட்டான். எல்லாத் தலையும் திரும்பியது.

"மேஜை மேல இருந்த முதலாளி பேனா எங்கே?"

கேட்ட ஆமையாரின் கையில்தான் அது இருந்தது. எடுத்ததை ஒருவரும் பார்க்கவில்லை.

"திடீர்ச் சத்தம் கேட்டா மூளை கண்ணை அங்கே இழுத்துட்டுப் போயிடும், நம்மளைக் கேக்காது. லென்ஸ்காரரே, இப்ப நீங்களும் திரும்பினீங்க. காலையில மட்டும் எப்படி மேஜையைப் பார்த்தீங்க?"

லென்ஸ்காரர் துடைக்கும் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"சத்தம் வரும்னு தெரிஞ்சவனுக்குத்தான் அது திடீர்ச் சத்தம் இல்லை. போர்டு கால்ல கட்டி இழுத்தது இந்த நைலான் நூல். அரை ஃபிரேம்ல லென்ஸைக் கட்டுற நூல், உங்க மேஜையில மட்டும் இருக்கு." அலமாரியிலிருந்து ஒரு ஃபிரேமை எடுத்தார். "விற்பனைக்கு வச்சதுல எல்லாம் வெறும் பிளாஸ்டிக். இதுல மட்டும் எழுத்து சுருங்குது. பவர் லென்ஸ், அப்போ ரிப்பேருக்கு வந்த தங்க ஃபிரேம் இதுதான். விலைச்சீட்டு மாட்டினா யார் கவனிக்கப்போறாங்க, இல்லையா?"

லென்ஸ்காரர் உட்கார்ந்துவிட்டார்.

"பாப்பா..." என்று இழுத்தார் முதலாளி.

அவள் கடைச் சாவியை மேஜைமேல் வைத்தாள். "மேஜையை இனி நீங்களே பாத்துக்கங்க மாமா."

அவள் இறங்கி நடந்தபோது யாரும் அவளைப் பார்க்கவில்லை. விழுந்து கிடந்த போர்டைத் தெருவே மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தது.