இரண்டு மாடி கீழே ஒரு பல்பு

மாலை நான்கு மணிக்கு வைஷ்ணவி பூட்டைத் திறந்து வீட்டுக்குள் வருவாள். அம்மாவின் கம்பெனி வண்டி ஏழு மணிக்கு முன்னால் வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அப்பாவுக்குக் குடியாத்தத்தில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். ஆக, நான்கிலிருந்து ஏழு வரை அந்த நான்காம் மாடி வீட்டில் வைஷ்ணவியும் ஃப்ரிட்ஜும்தான். ஃப்ரிட்ஜாவது அவ்வப்போது உறுமும்.

எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் குடிவந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. ஆறாம் வகுப்பில் எல்லாரும் கன்னடத்திலும் இங்கிலீஷிலும் படபடவென்று பேசினார்கள். அவள் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் ஒழுங்குசெய்து முடிப்பதற்குள் பேச்சு வேறு எங்கோ போயிருக்கும். வகுப்பில் அவளிடம் தமிழில் பேசியவன் ஒரே ஒருவன், கண்ணா. அதே கட்டடத்தில் இரண்டாம் மாடி. அவன் குடும்பம் பெங்களூருக்கு வந்து மூன்று தலைமுறை ஆகிறது. தமிழ் நன்றாகப் பேசுவான்; எழுதப் படிக்கத்தான் வராது.

அந்தக் கண்ணாவுக்கு இப்போது சின்னம்மை.

"பதினஞ்சு நாளைக்கு அந்த வீட்டுப் பக்கம் போகக் கூடாது," என்றாள் அம்மா. "அங்கேருந்து ஒரு பேப்பர்கூட மேலே வரக் கூடாது. உனக்கும் வந்துச்சுன்னா நான் லீவுக்கு எங்கே போவேன்?"

போனும் கிடையாது. அம்மாவின் போன் அம்மாவோடு ஆபீஸ் போய்விடும். வைஷ்ணவி பால்கனியில் நின்று, "கண்ணா!" என்று கத்திப் பார்த்தாள்.

பதில் மூன்றாம் மாடியிலிருந்து வந்தது. அந்த வீட்டு அங்கிளுக்கு இரவு ஷிப்ட். பகல்தான் அவருக்கு ராத்திரி.

"யாரும்மா அது? கொஞ்சம் தூங்க விடுங்களேன்!"

வைஷ்ணவி உள்ளே வந்து சோபாவில் சுருண்டு படுத்தாள். பேசுவதற்கு இருந்த ஒரே ஆளும் இல்லையென்று ஆனதும் அழுகையாக வந்தது. கொஞ்சம் அழுதாள். அப்போதுதான் அலமாரியில் இருந்த அட்டைப்பெட்டி கண்ணில் பட்டது. அறிவியல் டீச்சர் அவளுக்கும் கண்ணாவுக்கும் சேர்த்துக் கொடுத்தது. மூன்று டார்ச் செல்கள், நான்கு குட்டி பல்புகள், ஒரு ஸ்விட்ச், ஒரு பெரிய சுருள் ஒயர்.

அன்று இரவு அடுப்படியில் கேட்டாள்: "அம்மா, ஒயர் வழியா அம்மை ஏறி வருமா?"

அம்மா தோசையைத் திருப்ப மறந்து யோசித்தாள். "வராது. ஏன் கேக்கறே?"

வைஷ்ணவி விளக்கி முடிப்பதற்குள் தோசை கருகிவிட்டது. ஆனால் அனுமதி கிடைத்தது.

மறுநாள் ஒரு துணிப்பையில் ஒரு பல்பும், ஒயரின் இரண்டு முனைகளும், ஒரு கடிதமும் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு இறங்கின. கடிதத்தை ஆங்கில எழுத்தில், தமிழில் எழுதியிருந்தாள். சற்று நேரத்தில், துணி உலர்த்தும் நீளக் குச்சியின் நுனியில் சொருகிய ஒரு நோட்டுத் தாள் ஜன்னல் கம்பிக்கு வெளியே நீண்டது. மேலேயிருந்து எட்டிப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"எரியுது! ஆனா ரொம்ப டல்."

அவளுடைய பல்பும் மங்கல்தான். செல்லிலிருந்து புறப்பட்ட மின்சாரம் முதலில் அவள் பல்புக்குள் புகுந்து, பிறகு கீழே போய்க் கண்ணாவின் பல்புக்குள் புகுந்து, அப்புறம் செல்லுக்குத் திரும்பியது. ஒரே வரிசையில் இரண்டு பல்பு. ஒரு சாக்லேட்டை இரண்டாகப் பிட்ட மாதிரி ஆளுக்குப் பாதி. வைஷ்ணவி ஒயரைக் கழற்றி மாற்றிப் போட்டாள். இப்போது இரண்டு பல்புக்கும் தனித்தனி வழி. ஒவ்வொன்றும் செல்லின் இரண்டு முனைகளோடு நேராகச் சேர்ந்தது.

பளிச்!

"சக்கத்தா இருக்கு!" என்றது குச்சி. பெங்களூர்ப் பிள்ளைகளின் அகராதியில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

அதன்பின் தினமும் நாலரை மணிக்கு ஸ்விட்சைப் போட்டுவிட்டு பல்பின் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். கண்ணாவும் கீழே தன் பல்பின் பக்கத்தில் இருப்பான். அந்த நினைப்பே போதுமாக இருந்தது.

அடுத்த வாரம் திங்களன்று குச்சி வெளியே வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. 'அசதியா இருக்கும். பல்பு எரியுதே, இருக்கான்,' என்று நினைத்துக்கொண்டாள். கணக்கு வகுப்பில் தான் உளறிக் கொட்டியதையும், எல்லாரும் சிரித்ததையும் அந்த பல்பிடம் மெதுவான குரலில் சொல்லித் தீர்த்தாள்.

புதன்கிழமை லிஃப்டில் கண்ணாவின் அம்மா நிருபமா ஆன்ட்டி நின்றிருந்தார். முகம் வாடியிருந்தது.

"கண்ணாவை முந்தாநேத்து ஆஸ்பத்திரியில சேத்துட்டோம்மா. ஜுரம் இறங்கவே இல்லே, டிரிப்ஸ் ஏத்தறாங்க. பயப்படாதே, நாளைக்கு வந்துடுவான். நான் துணி எடுக்க வந்தேன்."

"ஆன்ட்டி, அப்போ அந்த பல்பு?"

"அதைக் கழட்டி ஜன்னல்லயே வெச்சிருக்கேன். செல் வேஸ்ட் ஆகுமேன்னு."

வைஷ்ணவி வீட்டுக்குள் வந்து கதவில் சாய்ந்து நின்றாள். அவன் ஆஸ்பத்திரியில் ஊசியோடு படுத்துக் கிடந்தபோது, இங்கே இவள் பல்பு எதுவுமே நடக்காத மாதிரி ஜோராக எரிந்திருக்கிறது. இரண்டு நாளாக அவள் யாருமே இல்லாத ஒயரோடு பேசியிருக்கிறாள். அவளுக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. எல்லாவற்றையும் விட அந்த பல்பின் மேல்தான் கோபம் வந்தது.

ஸ்விட்சைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் போட்ட ஒரே வரிசையாக இருந்திருந்தால், ஆன்ட்டி அந்த பல்பைக் கழற்றியதுமே இவளுடையதும் அணைந்திருக்கும். மங்கலாக எரிந்தாலும் அது பொய் சொல்லியிருக்காது.

பெட்டியில் இன்னும் இரண்டு பல்புகள் சும்மா கிடந்தன. அவற்றையும் எடுத்தாள். தன் பல்போடு ஒன்றை வரிசையாகச் சேர்த்து, அந்த இரண்டாவதின் பக்கத்தில் மூன்றாவதைத் தனி வழியாகச் சேர்த்தாள். மூன்று பேர் பங்கு போட்டால் இன்னும் மங்கத்தானே வேண்டும்? ஆனால் முதல் பல்பு முன்னைவிடப் பிரகாசமாகிவிட்டது! மூன்றாவதைக் கழற்றினாள், மங்கியது. இரண்டையும் கழற்றினாள், அணைந்தே போனது. ஏன் இப்படி?

ஏழரைக்கு அம்மா வந்தாள். "டோல் கேட்ல ஒரு வழிதான் திறந்திருந்துச்சு. மேம்பாலம் முழுக்க வண்டி ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. அப்புறம் பக்கத்து வழியையும் திறந்தாங்க. உடனே எல்லாம் வேகமாப் போக ஆரம்பிச்சிடுச்சு."

"பின்னாடி ரோட்ல வந்த வண்டியுமா?"

"பின்ன? எல்லா வண்டியும் அந்த ஒரே ரோட்ல தானே வரணும்!"

வைஷ்ணவி அம்மாவைக் கட்டிக்கொண்டாள். எதற்கென்று அம்மாவுக்குப் புரியவில்லை. கீழே இரண்டு வழி திறந்தால் மின்சாரம் அதிகமாக ஓடும். அத்தனையும் அவளுடைய ஒற்றை பல்பு வழியாகத்தான் போயாக வேண்டும்!

வியாழக்கிழமை பள்ளியிலிருந்து வந்ததும் இரண்டாம் மாடி ஜன்னலுக்கு ஒரு துணிப்பையை இறக்கினாள். அதில் இன்னொரு பல்பும் ஒரு கடிதமும் இருந்தன.

"கண்ணா, வந்ததும் ஒரு பல்பை மாட்டு. ஜுரம் இல்லேன்னா ரெண்டாவதையும் அது பக்கத்துல மாட்டு. படம் போட்டிருக்கேன். உன் பக்கம் வெளிச்சம் குறைஞ்சிடும், கோவிச்சுக்காதே. நீ இல்லேன்னா இனிமே என் பல்பும் எரியாது. எனக்கு அப்படித்தான் வேணும்."

ஒயரை மறுபடி ஒரே வரிசையாக மாற்றிவிட்டு, நாலரைக்கு ஸ்விட்சைப் போட்டாள். பல்பு எரியவில்லை.

ஐந்து மணி ஆனது. கீழே பையன்கள் கிரிக்கெட் ஆடிக் கத்தினார்கள். யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. ஐந்தரை. ஆறு. எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாக விளக்கு எரிய ஆரம்பித்தது. வைஷ்ணவி மட்டும் அறை விளக்கைப் போடவில்லை. மங்கலாக வரப்போகும் வெளிச்சத்தைத் தவறவிட்டால் என்ன செய்வது? டாக்டர் அனுப்பவில்லையோ? ஜுரம் கூடிவிட்டதோ? கண்ணை எடுக்காமல் அந்த இருண்ட பல்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றுபோல் அவள் என்றும் தனியாக இருந்ததில்லை.

ஏழடித்துச் சில நிமிடம் ஆனபோது பல்புக்குள் ஒரு சிவந்த இழை தெரிந்தது. அது மெல்லிய மஞ்சளாகி, அப்படியே நின்றது.

கீழே இப்போது ஒருவன் இருக்கிறான். பொய்யில்லை.

கதவு திறந்தது. "ஏண்டி இருட்டுல உக்காந்திருக்கே?" என்றாள் அம்மா.

"கண்ணா வந்துட்டாம்மா."

"அப்பாடா! ஜுரம் எப்படி இருக்காம்?"

"இன்னும் விடலை போல," என்று வைஷ்ணவி சொல்லி வாய் மூடவில்லை, பல்பு சட்டென்று பிரகாசமானது. சுவரில் அவளுடைய நிழல்கூட விழுந்தது.

"விட்டுடுச்சும்மா! ஜுரம் விட்டுடுச்சு!"

அம்மா அவளையும் பார்த்தாள், பல்பையும் பார்த்தாள். பிறகு கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றாமல் மகளின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "எங்கே, எனக்கும் சொல்லிக் கொடு," என்றாள்.