வகுத்தலைத் தாண்டாத வகுப்பு

மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தில் யாரோ இடிக்க, அவள் கையிலிருந்த விடைத்தாள்கள் சிதறின.

"கண்ணு தெரியலையா சார்?" என்று நிமிர்ந்தவள் தடுமாறினாள். அந்தக் கண்கள்... அத்தனை பதற்றத்திலும் சிரித்துக்கொண்டிருந்தன.

தாள்களைப் பொறுக்கித் தந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "எல்லாமே வகுத்தல் கணக்கா? இந்நேரம் பின்னத்துக்குப் போயிருக்கணுமே டீச்சர்?"

"உங்ககிட்ட கேட்டேனா?"

வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு மழையிலேயே நடந்தாள்.

மறுநாள் காலை தலைமையாசிரியை அவனைத்தான் அழைத்து வந்தார். பக்கத்து வகுப்புக்குப் புதிய கணக்கு ஆசிரியர், எல்லா வகுப்பிலும் கணக்குப் பாடம் முடிவதைக் கவனிக்கும் பொறுப்பும் அவருக்கே. மாதக் கடைசிக்குள் பின்னம் தொடங்காவிட்டால் அவளுடைய தனி வகுப்பை மூடிவிடுவார்களாம்!

பெரிய வகுப்பில் வாயே திறக்காத ஒன்பது பிள்ளைகள், இங்கேதான் கரும்பலகை வரை வருகிறார்கள். கடைசிப் பிள்ளைக்கும் புரிந்த பிறகே பக்கத்தைத் திருப்புவது அவள் வழக்கம். எட்டுப் பேருக்குப் புரிந்தாயிற்று. ரெட்டைச் சடை போட்ட சிறுமிக்கு மட்டும் மூன்று வாரமாக வகுத்தல் வரவில்லை.

பத்து நாள் கழித்து அவன் ஒரு மணி நேரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தான்.

"தன்னாலதான் எட்டுப் பேர் காத்திருக்காங்கன்னு அந்தப் பொண்ணுக்குத் தெரியுது டீச்சர். அதான் போட்ட கணக்கையே அழிச்சு அழிச்சுப் போடுறா."

சுருக்கென்றது. "உங்க வகுப்புல பின்னம் முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கீங்களே சார், எத்தனை பேருக்கு வரும்?"

அவன் முகம் வாடிவிட்டது. அதன்பிறகு வராந்தாவில் எதிரே வந்தாலும் இருவரும் சுவரைப் பார்த்தே நடந்தார்கள்.

"யார் மேலடி கோவம்? மூணு நாளா தட்டைப் பார்த்துட்டே உக்காந்திருக்க," என்றாள் அம்மா. யார் மேல் என்று சொல்வாள்... அவன் சொன்னது உண்மை என்பதுதானே வலித்தது!

நான்காம் நாள் வீம்பை விட்டாள். முதல் பத்து நிமிடம் பழைய வகுத்தல், பிறகு புதுப் பாடம். பன்னிரண்டு கட்டம் போட்ட காகிதப் பட்டைகளைக் கொடுத்து, கால் பாகம் கேட்டாள்.

ரெட்டைச் சடை பட்டையை நான்காக மடித்தாள். கட்டங்களை எண்ணினாள்.

"மூணு... டீச்சர், பன்னெண்டை நாலால வகுக்கிறதுன்னா இதுதானா? இவ்ளோதானா?"

வகுப்பே கை தட்டியது. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காத்திருந்ததில் வராதது, ஒரு அடி முன்னே போனதும் வந்துவிட்டதே!

மாலை ஆசிரியர் அறையில் அவன் தனியாக உட்கார்ந்து, பதிவேட்டில் 'முடிந்தது' என்பதை அடித்துக்கொண்டிருந்தான்.

"பரீட்சை வெச்சுப் பார்த்தேன். இருபத்தாறு பேருக்குத் தெரியல. நாளைக்கு மறுபடி ஆரம்பிக்கிறேன்னு தலைமையாசிரியைகிட்ட சொல்லிட்டேன்... நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்."

"எங்க வகுப்பு?"

"பின்னம் தொடங்கியாச்சே, மூட மாட்டாங்க. நீங்க சொன்னதுதான் சரி."

"நீங்க சொன்னதும் சரிதான் சார்." அவன் முன்னாலிருந்த பதிவேட்டை மூடினாள். "இத்தனை நாளா உங்க மேல கோவம்னு நெனச்சேன். கோவம் இல்ல..."

"பின்னே?"

"பிடிச்சிருக்கு."

சொல்லிவிட்டாள்! ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான். சிரிப்பெல்லாம் போய், அந்தக் கண்கள் கலங்கியிருந்தன.

"எனக்கும்தான்... ரொம்ப. உங்க அம்மாகிட்ட எப்ப வந்து பேசட்டும்?"

வெட்கம் வந்து வாயை மூடுவதற்குள் சொன்னாள்.

"இன்னிக்கே வாங்க."