சிலிண்டருக்குள் சளக் சளக்

அத்தைக்கு எதிலும் சந்தேகம்தான். பால் வந்தால் முகர்ந்து பார்ப்பாள். காய் வந்தால் அழுத்திப் பார்ப்பாள். அன்று காலி சிலிண்டரைக் கொடுத்துவிட்டுப் புதிய கேஸ் சிலிண்டர் வாங்கியிருந்தார்கள். அதை அடுப்படி மூலைக்கு நகர்த்தும்போது உள்ளே 'சளக் சளக்' என்று சத்தம் கேட்டது.

அத்தை அப்படியே நின்றாள். "கேஸ்ல தண்ணிய கலந்துட்டான்" என்றாள் மெதுவாக.

அந்த வீட்டுச் சின்னப் பெண் வாண்டுக்கும் அதே சந்தேகம். நான்காம் வகுப்பில் அவளுக்கு முந்தின நாள்தான் அந்தப் பாடம் நடந்தது. கல் திடப்பொருள், வைத்த இடத்தில் கிடக்கும். தண்ணீர் திரவம், ஆட்டினால் தளும்பும். காற்று வாயு, கண்ணுக்கே தெரியாது. கேஸ் என்றால் வாயுதானே? வாயு எப்படித் தளும்பும்? இதை அப்பாவிடம் விலாவாரியாக எடுத்துச் சொன்னாள்.

அப்பா சிலிண்டர்காரரைக் கூப்பிட்டார். அவர் அரக்கப் பரக்க ஓடி வந்தார். கடையில் கொடுத்ததை அப்படியே தூக்கி வந்ததாகவும், மூடியில் இருந்த சீலைக்கூடத் தொடவில்லை என்றும் சொன்னார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கம்பெனிக்குப் புகார் செய்யத்தான் வேண்டும் என்றாள்.

"வேலை போயிடும் சார். உள்ள என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் சிலிண்டர்காரர்.

அப்பா கம்பெனி எண்ணைத் தேட ஆரம்பித்தார். கூடத்தில் கொசு பிடுங்கித் தின்றது. அத்தை கொசுவத்திச் சுருளைப் பற்றவைக்க லைட்டரை எடுத்தாள். கண்ணாடி மாதிரி உள்ளே இருப்பது தெரியும் லைட்டர் அது. அதற்குள் ஏதோ தளும்பியது.

வாண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

"அத்தை, இதுக்குள்ள இருக்கறது தண்ணியா?"

"தண்ணி எங்கயாவது எரியுமாடி? கேஸ் அது."

"அப்போ கேஸ் ஏன் தளும்புது?"

அத்தை லைட்டரை ஆட்டிப் பார்த்தாள்.

"அப்பா, கம்பெனிக்கு வேண்டாம். முதல்ல எங்க டீச்சருக்குப் போன் பண்ணுங்க" என்றாள் வாண்டு.

டீச்சர் கேட்டுவிட்டுச் சிரித்தாராம். அந்த கேஸை இறுக்கி அழுத்தி அடைத்தால் திரவமாகிவிடும், திறந்துவிட்டால் மறுபடி வாயுவாகி வெளியே வரும், சிலிண்டரிலும் லைட்டரிலும் அதுதான் நடக்கிறது என்றாராம். பாடத்தில் அந்தப் பகுதியை இன்னும் நடத்தவில்லையாம்.

வாண்டு சிலிண்டர்காரர் பக்கத்தில் போய் நின்றாள். "மன்னிச்சுடுங்கண்ணா. அரைப் பாடத்தை வெச்சுக்கிட்டுப் பேசிட்டேன்."

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மூச்சு விட்டார். அத்தை உள்ளே போய், ஏலக்காய் தட்டிப் போட்டு டீ கொண்டுவந்து நீட்டினாள்.

சிலிண்டர்காரர் டம்ளரை வாங்கிக் காதருகே வைத்து மெல்ல ஆட்டினார். "சளக்குன்னு கேக்குதே. தண்ணி கலந்துட்டீங்களா அக்கா?"

அத்தை முறைத்தாள். ஆனால் முதலில் சிரித்ததும் அவள்தான்.