இரண்டு கதவுகளுக்கு நடுவே

வெளிக்கதவைச் சாத்திய சத்தம் கேட்டது. ஆனால் யாரும் உள்கதவைத் தட்டவில்லை. போதகரின் மனைவிக்கு அதுதான் உறுத்தியது.

ஊருக்கு ஒதுக்குப்புறமான அந்தப் பழைய போதகர் வீட்டில் சுவர்களெல்லாம் ஆள் அகலம். படிப்பறைக்கும் கூடத்துக்கும் இடையிலான சுவரில், கூடத்துப் பக்கம் வெளிக்கதவு, படிப்பறைப் பக்கம் உள்கதவு. நடுவே ஒரே ஒருவர் நிற்கும் இடுக்கு. மனப்பாரத்தை இறக்கிவைக்க வருகிறவர்களின் பேச்சு கூடத்துக்குக் கேட்கக் கூடாதென்று கட்டியவர்கள் செய்த ஏற்பாடு. ஒரு கதவைச் சாத்தினால்தான் மற்றது திறக்கும்.

“இடுக்குல நின்னு மனச தேத்திக்குவாங்க. அப்புறம் தட்டுவாங்க. நாம கூப்பிட்டாத்தான் வருவாங்க” என்று குடிவந்த அன்றே கணவர் விளக்கினார்.

“தேத்திக்கவே முடியலன்னா? அங்கேயே குடித்தனமா?”

அவர் சிரித்தார்.

இப்போது அவர் கல்லறைத் தோட்டத்தில் ஓர் அடக்கத்துக்குப் போயிருந்தார். வெளியே அந்தி மழை. குழந்தை கூடத்துத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. படிப்பறை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருந்தவளின் காதில், உள்கதவுப் பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுப்பதும் அடக்குவதும், ஈரத்துணியிலிருந்து தரையில் நீர் சொட்டுவதும் விட்டுவிட்டு விழுந்தன. தட்டுவார்கள், தட்டுவார்கள் என்று பார்த்தாள். இருப்புக்கொள்ளவில்லை. வந்தவரை நிற்கவைத்துப் பழக்கமில்லாத வாய் முந்திக்கொண்டது.

“அவரு இல்லீங்க. பரவால்ல, உள்ள வாங்க.”

மூச்சு நின்றது.

கதவைத் திறந்தாள். இடுக்கில் யாருமில்லை. ஈரமண் வாடை மட்டும் குப்பென்று அடித்தது. வெளிக்கதவுப் பலகையில், எத்தனையோ பேர் நெற்றியைச் சாய்த்து நின்ற இடம் வழவழவென்று தேய்ந்திருந்தது.

கூடத்தில் குழந்தை வீறிட்டது.

பிள்ளையிடம் போக வேறு வழியில்லை. இடுக்குக்குள் நுழைந்தாள். உள்கதவைச் சாத்தினாள்.

இருட்டு.

தோளில் இன்னொரு தோள் உரசியது. ஈரமாக. சில்லென்று.

வெளிக்கதவு திறந்தது. அவள் தொடவே இல்லை. அவளை நெருக்கிக்கொண்டு ஏதோ வெளியேறியது. கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ் விழுந்தது.

இரண்டு கதவுகளையும் மாறி மாறி அறைந்தாள். எதுவும் திறக்கவில்லை. கத்தினாள். தொண்டையிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது.

வெளிக்கதவின் சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தாள். தொட்டிலருகே ஒரு பெண்ணின் முதுகு. தலைமுடியிலிருந்து சேறு வழிந்தது. அது குனிந்து குழந்தையைத் தூக்கியது.

“வந்துட்டேன்டா தங்கம்.”

அவளுடைய குரல்.

அழுகை ஓய்ந்தது. குழந்தை அந்தக் கழுத்தை இரு கையாலும் கட்டிக்கொண்டு, சேற்று முடிக்குள் முகத்தைப் புதைத்து, விட்ட தூக்கத்தைத் தொடர்ந்தது.