நகரும் களம்

அன்று காலையும் நானும் மாப்பிள்ளையும் ஒரே ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போனோம். மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். பின்னால் உட்கார்ந்துகொண்டு வழி நெடுக என்னைக் கலாய்க்காவிட்டால் அவருக்குப் பொழுது விடியாது.

"மச்சான், கொஞ்சம் முறுக்குங்க. உங்க புல்தரையே நம்மள முந்திடும் போலிருக்கு."

"வாயை மூடிட்டு வாங்க மாப்ள. இல்லன்னா இங்கயே எறக்கி விட்டுடுவேன்."

"எறக்கி விடுங்க. உங்க தங்கச்சிகிட்ட நீங்கதானே பதில் சொல்லணும்?"

அங்கேதான் மனுஷன் என்னை மடக்குவார். தங்கை நிறைமாதக்காரி. இந்த வேலையில் அவரைச் சேர்த்துவிட்டவன் நான். தினமும் வாசல்வரை வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, புருஷனை விட்டுவிட்டு என்னைத்தான் பார்ப்பாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்கா தெரியாது?

எங்கள் வேலையைக் கேட்டால் பலரும் சிரிப்பார்கள். நான் மைதானத்தை ஓட்டுகிறவன். கிண்டல் இல்லை, நிஜமாகவே. உலகப் போட்டிகளுக்காகக் கட்டிய அந்தப் புதிய அரங்கத்துக்குக் கூரை உண்டு. கூரைக்கடியில் புல் பிழைக்காது. அதனால் கால்பந்துக் களம் மொத்தத்தையும் பிரம்மாண்டமான ஓர் இரும்புத் தட்டில் வளர்த்து, தட்டுக்கு அடியில் நூற்றுக்கணக்கில் சக்கரம் வைத்து, தண்டவாளத்தில் ஏற்றிவிட்டார்கள். பகலில் களம் வெளியே வெயில் காயும். ஆட்டம் என்றால் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே உள்ள பெரிய வாசல் வழியாக ஊர்ந்து உள்ளே போகும். நத்தை வேகம்தான். ஆனால் அது நசுக்கினால் எலும்புகூட மிஞ்சாது.

சக்கரங்களுக்கு கிரீஸ் போடுகிறவர்கள் ஆறு பேர், மேஸ்திரியையும் சேர்த்து. மாப்பிள்ளை அதில் ஒருவர். இடுப்பளவு உயரமே உள்ள அந்த இடத்தில் தவழ்ந்துதான் போக வேண்டும். மேலே வெயில் கொளுத்தும். கீழே எப்போதும் இருட்டு. ஈர மண்ணும் எண்ணெயும் கலந்த ஒரு வாடை. மே மாத மத்தியானத்திலும் அங்கிருந்து ஜில்லென்று ஒரு காற்று வந்து முழங்காலில் படும். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

களத்தை நகர்த்துவதற்கு முன் ஒரு முறை உண்டு. என் கண்ணாடி அறையிலிருந்து வாக்கி டாக்கியில் "யார் யார் மேலே?" என்று கேட்பேன். கீழே இருந்தவர்கள் எல்லாரும் வெளியே வந்து, தூணுக்குப் பின்னால் உள்ள மஞ்சள் கோட்டில் நின்று, ஒவ்வொருவராக "மேலே" என்று சொல்ல வேண்டும். அந்தத் தூண் என் அறைக்கு மறைப்பு. ஆட்கள் தெரிய மாட்டார்கள். குரலை எண்ணித்தான் வண்டியை எடுப்பேன்.

நாங்கள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஏழு குரல் வந்தது.

ஆறு "மேலே" தெளிவாக. கொஞ்சம் கழித்து, வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சொன்ன மாதிரி, இன்னொரு "மேலே".

யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்து நன்றாகத் திட்டினேன். ஆறு பேரும் சத்தியம் செய்தார்கள். மறுநாளும் ஏழு. பொறியாளர் மேடத்திடம் போய் நின்றேன்.

"கீழ முழுக்க இரும்பு. குரல் முட்டித் திரும்பி வருது. எதிரொலி. ஆறுக்குக் கொறஞ்சாத்தான் நிறுத்தணும், கூட வந்தா கண்டுக்காதீங்க," என்றார் அவர்.

படித்தவர் சொன்னது, நியாயமாகத்தான் பட்டது. எல்லாரும் தலையை ஆட்டினோம். அந்தத் தலையாட்டல்தான் எங்கள் தலையில் விடிந்தது. ஆறு வந்தால் போதும் என்று பழகிவிட்டோம். அந்த ஆறும் யார் யாருடையது என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

மாப்பிள்ளைக்கு அது ஒரு தமாஷ். "எதிரொலி இல்ல மச்சான், அவன் மாற்று ஆட்டக்காரன். நம்மள்ல ஒருத்தன் வெளிய போனா உள்ள எறங்கலாம்னு ஓரமா உக்காந்திருக்கான்."

மேஸ்திரி முகம் சுண்டிப் போனது. "வெளையாட்டுக்குக்கூட அதச் சொல்லாதீங்க," என்றார்.

பிறகு டீ குடிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். கட்டடம் முடிந்து களத்தை முதன்முதல் ஓட்டிப் பார்த்த அன்று, ஒருவன் கீழே குளிர்ச்சிக்காகப் படுத்து அசந்துவிட்டானாம். அவன் எப்போதோ வந்திருப்பான் என்று நம்பி, கூட்டாளி ஒருவன் அவனுக்கும் சேர்த்துக் குரல் கொடுத்துவிட்டான். அதற்குப் பிறகுதான் அவரவர் குரலை அவரவர்தான் கொடுக்க வேண்டும் என்று வைத்தார்கள்.

"பாவம், அவன் குரல் மட்டும் அன்னிக்குச் சேரவே இல்ல," என்றார். டீயை அப்படியே கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனார்.

இதோ, அந்த நாளுக்கு வருகிறேன். மறுநாள் முதல் ஆட்டம். பார்வையிடும் குழுவினர் கோட்டும் சூட்டுமாக மாடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். களம் உள்ளே வருவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார்களாம். மேடம் என் அறை வாசலிலேயே காத்து நின்றார். உச்சி வெயில். புல்லின் பச்சை வாசனை கண்ணாடியைத் தாண்டி வந்தது.

"யார் யார் மேலே?"

மேலே. மேலே. மேலே. மேலே. மேலே.

கொஞ்சம் இடைவெளி.

மேலே.

ஆறு. ஏழாவது வரவில்லை. அப்பாடா, இன்றைக்காவது அந்தச் சனியன் வாயை மூடிக்கொண்டிருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன் பாருங்கள், என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும். லீவரை முன்னால் தள்ளினேன். கையை எடுக்காமல் பிடித்திருக்கும் வரை களம் நகரும்; விட்டால் நின்றுவிடும். சக்கரங்கள் முனகின. களம் ஊர ஆரம்பித்தது.

ஆட்கள் தூணுக்குப் பின்னாலிருந்து தண்ணீர் குடிக்க நடந்து வந்தார்கள்.

ஐந்து பேர்.

லீவரை விட்டுவிட்டேன். களம் குலுங்கி நின்றது.

"என்னாச்சு?" என்றார் மேடம்.

"மாப்ள எங்க? யோவ் மேஸ்திரி, எங்க மாப்ள எங்கய்யா?"

நான் படியில் இறங்கினேனா விழுந்தேனா என்று எனக்கே தெரியாது. மேஸ்திரி பெரிய டார்ச்சோடு தட்டுக்கு அடியில் தவழ்ந்து போய்விட்டார். வெளிச்சம் சக்கரங்களுக்கு இடையே போய்ப் போய் வந்தது. ஐயோ, தங்கையிடம் என்ன சொல்வேன், இந்த வயிற்றோடு அவளிடம் நான் என்ன சொல்வேன் என்பது ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது. வாய்விட்டே அழுதேன்.

அப்போது களத்தின் அந்தப் பக்கத்து ஓரத்திலிருந்து ஒரு கை வெளியே வந்தது. பிறகு தலை. மாப்பிள்ளை தானாகவே தவழ்ந்து வெளியே வந்து, நிமிர்ந்து, வெயிலைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினார்.

ஓடிப் போய்க் கட்டிக்கொண்டேன். திட்டினேன், சிரித்தேன், மறுபடி திட்டினேன். "உயிர் போய் உயிர் வந்துச்சு மாப்ள! அடி எதுவும் படலையே?"

அவர் சிரித்தார்.

உடம்பு சில்லென்றிருந்தது. கீழே அவ்வளவு நேரம் கிடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். வாக்கி டாக்கியைக் காணோம், எங்கேயோ விழுந்திருக்கும். ஆனால் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தபோது அவர் கையைப் பார்த்தேன். காலையிலிருந்து கிரீஸ் போட்ட கை. மற்ற ஐந்து பேருக்கும் முழங்கை வரை கறுப்பு.

இவர் கை சுத்தமாக இருந்தது. நகக்கண்ணில்கூட ஒரு பொட்டு இல்லை.

"கீழ வேற யாரும் இல்ல. நல்லாப் பாத்துட்டேன்," என்று மேஸ்திரி வெளியே வந்தார். மேடம் ஒரு குச்சியில் கேமராவைக் கட்டி உள்ளே நீட்டியும் பார்த்தார். வெறும் சக்கரங்கள்.

"அதிர்ச்சியில இருக்காரு. உங்க ரூமுலயே உக்கார வையுங்க," என்றார் மேடம். "அவங்கள்லாம் பாத்துக்கிட்டு இருக்காங்க. சீக்கிரம் எடுங்க."

மாப்பிள்ளை என் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஒரு கிண்டல் இல்லை, ஒரு நக்கல் இல்லை. நான் அழுததைக் கண்ணால் பார்த்த மனிதர். ஒரு வருஷத்துக்கு அதை வைத்தே என்னை ஓட்டியிருக்க வேண்டும். நானே வாயைக் கொடுத்தேன்.

"என்ன மாப்ள, மச்சான் அழுதத ஊர் பூரா சொல்லிடாதீங்க."

சிரித்தார். அதே சிரிப்பு.

இந்த முறை மேஸ்திரி ஐந்து பேரையும் தோளைத் தொட்டு எண்ணினார். ஆறாவது ஆள் என் பக்கத்தில். சந்தேகத்துக்கு இடமே இல்லை. இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

"யார் யார் மேலே?"

ஐந்து குரல் காதில் வந்தது. பக்கத்தில் நின்றவர் வாயைத் திறந்து, "மேலே" என்றார்.

பிறகு என் காதுக்குள், இரைச்சலுக்கு நடுவே:

"மச்சான்..."

என் கை லீவரில் அப்படியே நின்றது.

"மச்சான், எடுத்துடாதீங்க. கால் சக்கரத்துல மாட்டியிருக்கு. எவ்வளவு கத்துறேன்! மேஸ்திரி என் மேல உரசிட்டுப் போனாரு மச்சான், டார்ச்ச மூஞ்சியில அடிச்சாரு, ஆனா என்னப் பாக்கவே இல்ல."

மெல்லப் பக்கத்தில் திரும்பினேன். அவர் கண்ணாடி வழியாகக் களத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு... யாரு பேசுறது?" என்று வாக்கி டாக்கியில் கிசுகிசுத்தேன்.

"நல்லா இருக்கே கதை! வலுக்கட்டாயமா பிடிச்சு தங்கச்சியக் கட்டி வெச்சீங்க, இப்ப ஆளையே நசுக்கப் பாக்குறீங்களா? விளையாடாதீங்க மச்சான். வலிக்குது. சீக்கிரம் வாங்க."

என் மாப்பிள்ளைதான். அந்த நக்கல் வேறு எவனுக்கும் வராது. சாகிற வலியிலும் என்னைக் கலாய்க்கிற ஒரே ஜென்மம் அதுதான்.

"மேடம், எடுக்க முடியாது!" என்று கத்தினேன். "கீழ இருக்காரு! எங்க மாப்ள கீழ இருக்காரு!"

மேடம் வாசலிலிருந்து என்னைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம்கூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

"உங்க மாப்பிள்ளை உங்க பக்கத்துலயே நிக்கிறாரு. கொஞ்சம் தண்ணி குடிங்க."

இயர்போனைக் கழற்றி அவரிடம் நீட்டினேன். காதில் வைத்துக் கேட்டார். "ஒண்ணும் கேக்கலையே," என்றார். திரும்பி மாடத்தை நோக்கிக் கையசைத்து, இதோ ஆயிற்று என்று சைகை காட்டினார்.

கையை லீவரிலிருந்து எடுக்கப் போனேன்.

எடுக்க முடியவில்லை.

என் கைமேல் இன்னொரு கை இருந்தது. சுத்தமான கை. ஈர மண் வாடை அடித்தது. விரலுக்கு விரல் என் விரல்களைப் பொத்தி, பதறாமல், நிதானமாக, லீவரை முன்னால் தள்ளியது.

களம் நகர்ந்தது.

இழுத்தேன். உதைத்தேன். கத்த வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு மச்சானும் மாப்பிள்ளையும் சேர்ந்து வண்டி ஓட்டுவதாகத்தான் தெரிந்திருக்கும். மேசை ஓரத்தில் மேடம் தொங்கவிட்ட இயர்போனிலிருந்து அந்தக் குரல் எனக்கு மட்டும் கேட்டது. மச்சான், மச்சான் என்று. பிறகு என் தங்கையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது. அதன் பிறகு சக்கரச் சத்தம் மட்டும்.

முழுக் களமும் உள்ளே போய் நின்றது. மாடத்தில் கைதட்டினார்கள். மேடம் சிரித்துக்கொண்டே படியில் இறங்கிப் போனார். மேஸ்திரியும் ஆட்களும் தண்டவாளத்தைக் கடந்து நடந்தார்கள். ஒரு துளி ரத்தம் இல்லை, துணிக் கிழிசல் இல்லை. பிற்பாடு நான் தவழ்ந்து தவழ்ந்து தேடினேன், ஒன்றும் இல்லை.

கை என்னை விட்டது. என் விரல்கள் விறைத்துப் போயிருந்தன.

அவர் என் பக்கம் திரும்பினார். ஏதோ ஒன்று தொண்டைக்குள் வந்து பொருந்தியதைப்போல ஒருமுறை எச்சில் விழுங்கினார். கண்ணில் அந்தப் பழைய குறும்பு வந்தது. வெளியே வந்ததிலிருந்து ஒருமுறைகூட என்னை முறை சொல்லிக் கூப்பிடாத அந்த வாய் இப்போது திறந்தது.

"என்ன மச்சான், சிலை மாதிரி உக்காந்துட்டீங்க? வண்டிய எடுங்க. உங்க தங்கச்சி எனக்காகக் காத்துக்கிட்டு இருப்பா."